கனெட்டியின் மொழியும் சயீதின் ஊரும்

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். நிலம் போனால் என்ன, மொழி இருக்கிறது. மொழிதான் நமக்குத் தாயகம். கைதட்டலும் கிடைக்கும். அது யாருக்கு உண்மை, எந்த நிபந்தனையில் உண்மை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்பதற்கு இரண்டு தன்வரலாறுகளை அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒன்று, எலியாஸ் கனெட்டி ஜெர்மன் மொழியில் எழுதி 1977-இல் வெளிவந்த 'காப்பாற்றப்பட்ட நாக்கு'. மற்றது, எட்வர்ட் சயீத் ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் பிளேஸ்'. கனெட்டி பல்கேரியாவில் பிறந்த யூதர். சயீத் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர். இருவரும் நாலைந்து பண்பாடுகளுக்குள் ஒரே சமயத்தில் வளர்ந்தவர்கள். கனெட்டி எழுபது வயதை ஒட்டியும், சயீத் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவிலும் தங்கள் இளமையைத் திரும்பிப் பார்த்து, தாம் எந்த இடத்துக்கு உரியவர் என்று தேடினார்கள். கனெட்டிக்கு விடை கிடைத்தது. சயீத், விடை இல்லாமலே வாழப் பழகிவிட்டேன் என்றார். இந்த வேறுபாட்டுக்கு அவரவர் குணத்தைக் காரணம் சொல்லி நகர்ந்துவிடலாம். நூல்கள் இரண்டும் அப்படிச் சொல்லவில்லை.

டான்யூப் ஆற்றங்கரைத் துறைமுக ஊரான ரூசேயில் 1905-இல் பிறந்தவர் கனெட்டி. பல்கேரியர், துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர், அல்பேனியர், ஜிப்சிகள், அக்கரையிலிருந்து வரும் ருமேனியர் என்று எல்லோரும் புழங்கிய ஊர். ஒரே நாளில் ஏழெட்டு மொழிகள் காதில் விழும் என்கிறார். வீட்டில் பேசியது லடினோ. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கூடவே கொண்டுவந்த பழைய ஸ்பானியம். வீட்டு வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்களிடம் பல்கேரிய மொழி. தாத்தா பதினேழு மொழி தெரியும் என்று மார்தட்டிக்கொள்கிறவர். சரக்கு விற்கத் தேவையான அளவுக்கு மேல் அவற்றில் பலவும் தேறாது என்பதைப் பேரன் கொஞ்சம் குறும்போடுதான் எழுதியிருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் மட்டும் தங்களுக்குள் ஜெர்மன் பேசினார்கள். வியன்னாவில் படித்த காலத்து நாடகப் பித்து அவர்களைச் சேர்த்துவைத்திருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத எல்லாவற்றுக்கும், சிரிப்புக்கும் கொஞ்சலுக்கும், அந்த மொழிதான். சிறுவன் எலியாஸ், அர்த்தம் புரியாத அந்தச் சொற்களைத் தனியறையில் மந்திரம்போல உச்சரித்துப் பழகினான்.

சயீதின் கெய்ரோவும் பார்வைக்கு இப்படிப்பட்ட ஊர்தான். 1935-இல் ஜெருசலேமில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது பெரும்பாலும் கெய்ரோவின் ஸமாலெக் பகுதியில். ஜெருசலேமின் தல்பியேவில் குடும்பத்து வீடு. கோடையில் லெபனான் மலைக் கிராமம். தந்தை வாதி, முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமையோடு திரும்பியவர். தன்னை வில்லியம் என்று அழைத்துக்கொண்டவர். கெய்ரோவில் எழுதுபொருள், அலுவலகச் சாதன வணிகம். மகனுக்கு அன்றைய பிரிட்டிஷ் இளவரசரின் பெயரை வைத்தார்கள். எட்வர்ட் என்ற பெயரையும் சயீத் என்ற குடும்பப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாமல், இடத்துக்குத் தக்கபடி ஒன்றை முணுமுணுத்து மற்றதை அழுத்திச் சொன்ன பையன் அவர். எகிப்தில் பாலஸ்தீனர், முஸ்லிம்களுக்கு நடுவே கிறிஸ்தவர், கிறிஸ்தவர்களுக்கு நடுவிலும் புராட்டஸ்டண்ட், கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு. சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்பதில் கனெட்டியையே மிஞ்சிவிடுகிறார்.

ஆனால் ரூசேயில் எந்த மொழியையும் பேசியதற்காக ஒரு பிள்ளை அடி வாங்கவில்லை. கெய்ரோவில் வாங்கியது.

இங்கேதான் இரண்டு நூல்களின் மையக் காட்சிகளும் வருகின்றன. கனெட்டி குடும்பம் 1911-இல் மான்செஸ்டருக்குப் போனது. மறு ஆண்டே தந்தை திடீரென்று இறந்துபோனார். இளம் விதவையான தாய் மூன்று பிள்ளைகளோடு வியன்னாவுக்குக் குடிபெயர முடிவுசெய்து, வழியில் 1913 கோடையில் லொசான் நகரில் தங்கினார். மூத்தவனுக்கு எட்டு வயது. வியன்னாப் பள்ளியில் அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர ஜெர்மன் வேண்டும். தாய் ஒரு இலக்கணப் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், பையனிடம் காட்டவில்லை. ஒரு வாக்கியத்தை வாசிப்பார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு சரியாகும்வரை மறுபடி மறுபடி. பொருளை ஒரே ஒருமுறை சொல்வார். மறுநாள் மறந்திருந்தால் ஏளனம், வசை. எழுதி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த வாக்கியங்களைப் பயத்தோடு மனத்துக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான். மூன்று மாதத்தில் மொழி வந்துவிட்டது.

இன்று எந்தக் குழந்தை மருத்துவரிடம் சொன்னாலும் கொடுமை என்பார். கொடுமைதான். ஆனால் கனெட்டி அதற்குள் இருந்த துக்கத்தைப் பெரியவனான பிறகு கண்டுகொள்கிறார். தாய்க்குக் கணவன் போனதோடு ஜெர்மன் பேசும் ஆளும் போய்விட்டார். காதலும் நாடகமும் உரையாடலும் எல்லாம் அந்த மொழியில்தான் நடந்தன. அந்தக் காலி இடத்தில் உட்காரவைக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். எட்டு வயது மகன்தான் கிடைத்தான். வலியோடு, காலம் தாழ்த்தி ஊன்றப்பட்ட தாய்மொழி என்று கனெட்டி அதைக் கருதுகிறார். ஊன்றிய பிறகு அது முந்தையதையெல்லாம் விழுங்கியது. ரூசே வேலைக்காரப் பெண்கள் இருட்டில் சொன்ன ஓநாய்க் கதைகளும் ரத்தக்காட்டேரிக் கதைகளும் பல்கேரிய மொழியில் கேட்டவை. பின்னாளில் அவை நினைவில் ஜெர்மனில் இருந்தன. எப்போது மாறின என்று அவருக்கே தெரியவில்லை.

சயீதுக்கு ஆங்கிலம் வந்த வழி வேறு. வீட்டில் தாய் ஹில்டா அரபியும் ஆங்கிலமும் கலந்தே பேசினார். தனக்கு முதலில் வாய்த்தது எது என்று மகனால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. சிக்கல் பள்ளியில் தொடங்கியது. கெய்ரோவின் விக்டோரியா கல்லூரியில் மாணவர் கையேடு, இந்தப் பள்ளியின் மொழி ஆங்கிலம், வேறு மொழி பேசிப் பிடிபடுவோர் தண்டிக்கப்படுவர் என்று விதித்தது. வகுப்பில் இருந்தவர்களோ அரபியர், ஆர்மீனியர், கிரேக்கர், யூதர்கள். இங்கிலாந்தில் பிறந்த பையன் கிடைப்பது அரிது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: அரபி மாணவர்களின் ரகசிய ஆயுதமானது. ஆங்கில ஆசிரியருக்கு முன்னால் அரபியில் பேசுவதே கலகம். (இதே பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பையன்களை விரட்டிய மூத்த மாணவர் மிஷேல் ஷல்ஹூப், பின்னாளில் உலகம் அவரை ஓமர் ஷரீஃப் என்று திரையில் பார்த்தது.) 1951-இல் சயீத் அந்தப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தந்தை அவரை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார். பிறகு பிரின்ஸ்டன், ஹார்வர்ட், 1963 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம்.

இரண்டு இடத்திலும் மொழி பயத்தில்தான் வந்தது. வேறுபாடு, பயமுறுத்தியவர் யார் என்பதில் இருக்கிறது. லொசானில் தாய்க்குப் பின்னால் ஒரு அரசும் நிற்கவில்லை. ஜெர்மன் தெரியாத பல்கேரிய யூதச் சிறுவனை உலகத்தில் யாரும் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆகவே அந்த மொழி அவமானத்தோடு வந்தாலும் ஒரு வீட்டுக்குள் நுழைய அனுமதி கிடைத்த உணர்வையும் தந்தது: பெற்றோரின் ரகசிய அறை திறந்துவிட்டது. கெய்ரோவில் கையேட்டுக்குப் பின்னால் பேரரசு நின்றது. அங்கே ஆங்கிலம் கற்பதென்றால், நீ எங்களில் ஒருவன் ஆகமாட்டாய் என்பதையும் சேர்த்துக் கற்பது. சயீத் அந்த மொழியில் யாரும் தொடமுடியாத உயரத்துக்குப் போனார்; அதில் குடியிருந்ததாகச் சொன்னதில்லை. அரபியில் பேசும்போது ஆங்கிலமும் ஆங்கிலத்தில் பேசும்போது அரபியும் பின்னால் ஒலிப்பதாக உணர்ந்தவருக்கு மொழி எப்படி வீடாகும்?

மொழி என்பது வீடாக ஆவதற்கு முதல் நிபந்தனை இதுதான் என்று எனக்குப் படுகிறது. அது ஆணையாக வராமல் அன்பின் வழியாக வந்திருக்க வேண்டும். அந்த அன்பு முரட்டு அன்பாக இருந்தாலும் பரவாயில்லை.

சோதனை இருவருக்கும் வந்தது. கனெட்டிக்கு 1938. ஆஸ்திரியாவை ஹிட்லர் சேர்த்துக்கொண்ட ஆண்டு. நவம்பரில் யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்ட பிறகு மனைவி வேஸாவோடு வியன்னாவை விட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக 1939 தொடக்கத்தில் லண்டன் சேர்ந்தார். ஆங்கிலம் அவருக்குச் சிறுவயதிலேயே தெரிந்த மொழி. அதற்கு மாறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாறவில்லை. யூதன் என்பதாலேயே ஜெர்மனை விடமாட்டேன் என்று போர்க்காலத்துக் குறிப்பொன்றில் எழுதினார். கொலைகாரர்களின் மொழி என்று உலகம் சொன்னபோது, அது அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதற்குத் தானே சாட்சியாக நின்றார். 'கூட்டமும் அதிகாரமும்' நூலை இங்கிலாந்தில் உட்கார்ந்து இருபது ஆண்டுக்கும் மேலாக ஜெர்மனில் எழுதி 1960-இல் வெளியிட்டார். 1981-இல் நோபல் பரிசு வந்தபோது கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. ஸ்வீடிஷ் அகாடமியோ ஜெர்மன் மொழி ஒன்றே அவருடைய தாயகம் என்று அறிவித்தது. நம் மேடை வாக்கியத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்தச் சான்றில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. மொழியில் குடியிருக்க வாசகர்கள் வேண்டும். 1935-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய ஒரே நாவலை ஜெர்மன் உலகம் உண்மையில் கவனித்தது 1963-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான். அதற்குள் அவருக்கு வயது 58. அந்த மறுபதிப்பு வராமலே போயிருக்கலாம். லண்டனில் யாரும் வாசிக்காத மொழியில் எழுதிச் செத்துப்போன அகதி எழுத்தாளர்கள் அந்தத் தலைமுறையில் குறைவா? அவர்களை எந்த அகாடமியும் எந்த மொழிக்கும் குடிமகனாக அறிவிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொழிக்குள் பத்திரமாக இருந்தவர், தன்னை ஏற்று அடைக்கலம் தந்த ஊரிடம் அவ்வளவு பரிவு காட்டவில்லை. இங்கிலாந்து வாழ்க்கை பற்றி அவர் எழுதிவைத்து, இறந்த பிறகு 2003-இல் வெளிவந்த குறிப்புகளில் கசப்பு வழிகிறது. விருந்துகளில் ஒருவரையொருவர் தொடாமல் நிற்கும் மனிதர்கள், திமிர், குளிர்ச்சி. கூர்மையான கண்தான். ஆனால் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த அத்தனை ஆண்டுகளில் அந்த ஊரோடு சேர்ந்துகொள்ள வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை என்பதும் தெரிகிறது. பல பண்பாடுகளில் வாழ்ந்தவர்கள் எல்லோரையும் புரிந்துகொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படி ஒரு விதியும் கிடையாது.

சயீதின் சோதனை 1967. ஆறு நாள் போர் நடந்தபோது அவர் நியூயார்க்கில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். முந்தைய ஆண்டுதான் ஜோசப் கான்ராட் பற்றி அவருடைய முதல் நூல் வந்திருந்தது. போலந்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் எழுதிய, எங்கும் ஒட்டாத கான்ராட். அந்த ஜூன் மாதத்தோடு தான் அறிந்திருந்த உலகம் முடிந்தது என்று சயீத் பிறகு சொன்னார். வீட்டில் அதுவரை பாலஸ்தீனம் பற்றிப் பேச்சே இல்லை. 1948-இல் ஊர் போனபோதும், கெய்ரோவுக்கு ஓடிவந்த அகதிகளுக்கு மருந்துக்கும் வேலைக்கும் அலைந்த நபீஹா அத்தை ஒருவர்தான் அந்த இழப்பைக் கண்முன் கொண்டுவந்தவர். முப்பது வயதுக்கு மேல் தன் மக்களைத் தேடிப் புறப்பட்ட சயீத், 1972-73-இல் பெய்ரூட்டில் ஓராண்டு தங்கி அரபி இலக்கணத்தையும் இலக்கியத்தையும் முறையாகப் படித்தார். தாய்மொழியை ஆசிரியர் வைத்துக் கற்ற பேராசிரியர்! கனெட்டிக்குத் தாய் செய்ததை சயீத் தனக்குத் தானே செய்துகொண்டார். ஆனால் அதற்குள் வயது 37.

அது வீடாகவில்லை. 'ஓரியண்டலிசம்' 1978-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் எழுதிய முக்கியமான எல்லாமே ஆங்கிலம்தான். அவர் தேர்ந்துகொண்ட உறவு மொழியோடு அமையவில்லை, ஒரு வழக்கோடு அமைந்தது. பாலஸ்தீனம் என்பது அவருக்கு மண், பத்திரம், கதவு எண் எல்லாம் உள்ள விஷயம். அவருடைய தாய் 1932-இல் திருமணத்தைப் பதிவுசெய்யப் போனபோது பிரிட்டிஷ் அதிகாரி அவருடைய பாலஸ்தீனக் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டார். இனி கணவரின் சீட்டில் பயணம் செய்யலாம், இந்த இடம் ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு யூதருக்குப் பயன்படும் என்றார். இதை சயீத் 1986-இல் வந்த 'ஆஃப்டர் த லாஸ்ட் ஸ்கை' நூலில் பதிவுசெய்திருக்கிறார். இப்படி இழந்தவரிடம் போய் மொழி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல முடியுமா?

1992-இல், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, குடும்பத்தோடு ஜெருசலேம் போனார். தல்பியே வீட்டைக் கண்டுபிடித்தார். அதில் அப்போது இஸ்ரேலை ஆதரிக்கும் கிறிஸ்தவ அமைப்பொன்று இருந்தது. பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அவரால் முடியவில்லை, வாசலோடு திரும்பினார். அதுவும் போதவில்லை. 1999-இல் அமெரிக்க இதழொன்றில் நீண்ட கட்டுரை வந்தது: வீடு அத்தை குடும்பத்தின் பெயரில் இருந்தது, இவர் வளர்ந்தது கெய்ரோவில், ஆகவே இவர் அகதியே இல்லை. கனெட்டியிடம் உன் ஜெர்மனுக்கு ஆதாரம் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்தைப் புரட்டினால் ஆதாரம் அங்கேயே இருக்கிறது. ஊருக்கு உரியவன் என்பதற்குத்தான் பதிவேடும் சாட்சியும் கேட்பார்கள்.

தன் மக்களின் அரசியலிலும் அவர் நிலைத்து உட்காரவில்லை. 1977 முதல் பாலஸ்தீன தேசியக் கவுன்சிலில் இருந்து, 1991-இல் விலகினார். 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1996-இல் அரஃபாத்தின் நிர்வாகமே அவருடைய நூல்களைத் தடைசெய்தது. இத்தனைக்கும் பிறகு எழுதிய தன்வரலாற்றின் முடிவில், தான் கெட்டியான ஒரே ஆள் அல்ல, ஒன்றோடொன்று ஓடிக்கொண்டிருக்கும் பல நீரோட்டங்கள் என்றும், இடத்தோடு பொருந்தாமல் இருப்பதே தனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறார்.

அழகாக இருக்கிறது. முழுதும் நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது. கொலம்பியாவில் நிரந்தரப் பணி, அமெரிக்கக் குடியுரிமை, வீட்டில் பியானோ. பொருந்தாமையை ரசிக்க இவையெல்லாம் உதவுகின்றன. சயீதுக்கு இது தெரியாததல்ல. நாடுகடந்த வாழ்வை இலக்கிய அலங்காரமாக்கக் கூடாது, முகாம்களில் பெயரில்லாமல் கிடக்கும் லட்சக்கணக்கானோரை நினைக்க வேண்டும் என்று 1984-இல் ஒரு கட்டுரையில் அவரே எச்சரித்திருக்கிறார். தன்வரலாற்றிலேயே இன்னொரு தகவலும் உண்டு: சின்னப் பயணத்துக்குக்கூட அளவுக்கு மீறி மூட்டை கட்டுவாராம், திரும்பி வராமல் போய்விடுவோமோ என்ற உள்பயத்தில். நீரோட்டத் தத்துவத்தைவிட அந்தப் பெட்டியைத்தான் நான் நம்புகிறேன்.

ஆனாலும் வீடில்லாதவர் மற்றவர்களுக்கு இடம் செய்தார். 1999-இல் இஸ்ரேலிய இசைநடத்துநர் டேனியல் பாரன்பாயிமோடு சேர்ந்து, அரபு இளைஞர்களும் இஸ்ரேலிய இளைஞர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் இசைக்குழுவை வைமாரில் தொடங்கினார். அந்தக் குழுவால் ஒரு சோதனைச் சாவடியும் அகலவில்லை என்பவர்கள் உண்டு. அது சரிதான். கனெட்டியின் லண்டன் குறிப்புகளைப் படித்துவிட்டு இந்தக் குழுவை நினைத்தால், சேர இடமில்லாதவருக்கு வாய்க்கும் தாராளம் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது.

கனெட்டி 1994-இல், பதின்வயதில் சொர்க்கமாக உணர்ந்த ஜூரிச் நகரில் இறந்தார். ஃப்ளுன்டர்ன் கல்லறையில் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு அருகே புதைக்கப்பட்டார். சயீத் 2003 செப்டம்பரில் நியூயார்க்கில் இறந்தார். ஜெருசலேமில் பிறந்தவரின் அஸ்தி லெபனானின் ப்ருமானாவில் இருக்கிறது.

மேடை வாக்கியத்துக்கு வருகிறேன். மொழியே தாயகம் என்பது கனெட்டிக்கு உண்மை: அன்பு வழியாக வந்த மொழி, பறிக்க முடியாத மொழி, காலம் கடந்தாலும் வாசகர் கிடைத்த மொழி. இந்த மூன்றும் அமையாதவரிடம் அதைச் சொல்லக் கூடாது. 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒருவருக்கு சயீதின் கேள்விதான் பொருந்தும். அவருக்கு வேண்டியது காணி. அதன் இடத்தில் மொழியைக் கொடுப்பது ஏமாற்று. டொரண்டோவிலும் லண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கோ கனெட்டியின் பாதை இன்னும் திறந்தே இருக்கிறது, ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி விக்டோரியா கல்லூரிக் கையேட்டின் தொனியில் பேசாத வரைக்கும்தான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் தமிழில் சிரித்துப் பேசிக்கொள்வதைக் கேட்காத பிள்ளைக்குப் பதக்கம் கொடுத்து மொழியை ஊட்ட முடியாது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் சயீதை முதலில் படியுங்கள். கனெட்டியின் லொசான் அத்தியாயத்தை மட்டும், தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் தவறவிட வேண்டாம்.